டைட்டர் 4 வந்திருக்கிறது. ஹெபடைட்டிஸ் பி ஊசி மூன்றையும் மறுபடி போட வேண்டுமா?

கொருக்குப்பேட்டைப் பொண்ணு:

எல்லோருக்கும் வணக்கம். டயாலிசிஸ் டெக்னாலஜி முடித்துவிட்டு ஒரு தனியார் மருத்துவமனையில் வேலைக்குச் சேரப் போகிறேன். சேருவதற்கு முன் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். எச்ஐவி நெகட்டிவ், எச்சிவி (ஹெபடைட்டிஸ் சி) நெகட்டிவ், எச்பிஎஸ்ஏஜி (ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உடம்பில் இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட்) நெகட்டிவ். எல்லாம் சரி என்று நினைத்தால், ஆன்டி எச்பிஎஸ் டைட்டர் (பி வைரஸை எதிர்க்கும் ஆன்டிபாடி ரத்தத்தில் எவ்வளவு என்ற அளவு) மட்டும் 4 என்று வந்து நிற்கிறது. பத்துக்கு மேல் இருக்க வேண்டுமாம். "உனக்குப் பாதுகாப்பே இல்லை, மூன்று ஊசியையும் முதலிலிருந்து போட்டுவிட்டு, ஆறு மாதம் கழித்து ரிப்போர்ட்டோடு வா" என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். செலவும் என்னுடையதுதான். ஆறு மாதம் வேலையில்லாமல் வீட்டில் உட்கார முடியாது, அதுதான் பெரிய கவலை.

இத்தனைக்கும் நான் ஊசி போடாதவள் இல்லை. யூ.கே.ஜி. படிக்கும்போது டி.எச். ரோட்டில் ஒரு கிளினிக்கில் அம்மா மூன்று ஊசியும் போட வைத்தார். அப்போது அரசு ஊசிப் பட்டியலில் எங்களுக்கு இது கிடையாது, காசு கொடுத்துத்தான் போட வேண்டும். அம்மா தையல் காசில் சேர்த்து வைத்துப் போட்டார். அட்டை இன்னும் இருக்கிறது. மூன்று தேதியும், மருந்துக் குப்பியிலிருந்து கிழித்து ஒட்டிய ஸ்டிக்கரும் தெளிவாகத் தெரிகிறது.

அம்மா அவ்வளவு பிடிவாதமாகப் போட்டதற்குக் காரணம் என் மாமா, அம்மாவின் தம்பி. ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவர். ஈரல் சுருங்கி, வயிற்றில் நீர் கோத்து இறந்தார். "ஹெபடைட்டிஸ் பி பாசிட்டிவ்" என்று கடைசி நேரத்தில்தான் தெரிந்தது. அவர் எங்கள் வீட்டில்தான் இருந்தார்.

இப்போது என் கேள்வி: குழந்தையில் போட்ட ஊசி வீணாகிவிட்டதா? மூன்றும் மறுபடி வேண்டுமா? பக்கத்து வீட்டு அக்கா வேறு, "இத்தனை வருஷம் பாதுகாப்பு இல்லாமலா இருந்தாய், உள்ளே வந்திருந்தால்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அம்மாவுக்கு அன்றிலிருந்து தூக்கம் இல்லை.


ராயபுரம் பழைய பாலம்:

தங்கச்சி, அந்த ஊசிக்கு ஆயுள் ஐந்து வருஷம்தான். தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் தெருவில் கல்யாண மண்டபத்தில் கேம்ப் போட்டு, வரிசையில் நிற்க வைத்துப் போட்டார்கள். மஞ்சள் காமாலை ஊசி என்றுதான் சொன்னார்கள். ஐந்து வருஷம் கழித்து பூஸ்டர் போட வாருங்கள் என்று அட்டையிலேயே எழுதிக் கொடுத்தார்கள். நான் போகவில்லை. மறு வருஷ மழையில் குழாயில் சாக்கடை கலந்து, தெருவில் பாதிப் பேருக்குக் காமாலை வந்ததில் எனக்கும் வந்தது. ஊசி போட்டும் வந்ததே! அப்புறம் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து குடித்து, பத்தியம் இருந்துதான் சரியானது. ஊசியை நம்பாதே, கீழாநெல்லியை நம்பு.


மின்ட் லேப்காரர்:

முதலில் அந்தப் பெண்ணுக்குப் பதில், மற்றது எல்லாம் அப்புறம்.

மூன்று ஊசியும் எடுத்த எடுப்பில் தேவையில்லை. ஒன்று போடும்மா. ஒரு மாதத்திலிருந்து இரண்டு மாதத்துக்குள் டைட்டர் எடு. பத்தோ அதற்கு மேலோ வந்தால் உன் பழைய மூன்று ஊசியும் வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம்; அத்தோடு விஷயம் முடிந்தது, இனி ஆயுளுக்கும் டைட்டர் பார்க்க வேண்டாம். பத்துக்குக் கீழேயே நின்றால் மட்டும் மீதி இரண்டையும் போட்டு, மறுபடி ஒரு தடவை பார்க்க வேண்டும். மருத்துவப் பணியாளர்களுக்கு அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி சொல்லும் வழிகளில் இதுவும் ஒன்று. முதலிலேயே மூன்றும் போட்டாலும் உடம்புக்குக் கெடுதல் எதுவும் இல்லை. உனக்குப் போவது ஆறு மாதச் சம்பளம்.

இதை எதை வைத்துச் சொல்கிறேன் என்று கேட்பாய். நான் முப்பது வருடத்துக்கு மேல் லேபில் குப்பை கொட்டியவன். நான் சேர்ந்த காலத்தில் எச்பிஎஸ்ஏஜி டெஸ்ட்டுக்கு ஆஸ்திரேலியா ஆன்டிஜென் என்றுதான் ரிப்போர்ட்டில் டைப் அடிப்போம். 1960களில் பரூக் பிளம்பெர்க் என்ற அமெரிக்க விஞ்ஞானி ஊர் ஊராக ரத்த சாம்பிள் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவருடைய ரத்தத்தில்தான் அது முதலில் மாட்டியது. அதற்கு 1976-ல் நோபல் பரிசு. இந்த வைரஸின் கதையில் பழங்குடி மக்கள் முதல் பக்கத்திலேயே வந்துவிடுகிறார்கள். உன் கேள்விக்குப் பதில் வைத்திருப்பவர்களும் அவர்கள்தான். இந்தத் தடவை இடம் அலாஸ்கா.

அலாஸ்காவின் மேற்குக் கரையில் யூப்பிக் மக்கள் வாழும் சின்னச் சின்ன கிராமங்கள் இருக்கின்றன. ரோடு கிடையாது, படகிலோ குட்டி விமானத்திலோதான் போக வேண்டும். அமெரிக்காவிலேயே ஹெபடைட்டிஸ் பி மிக அதிகமாக இருந்த இடங்களில் அதுவும் ஒன்று. அங்கே குழந்தைகளுக்கே தொற்றிக்கொண்டிருந்தது. ஒரே அறையில் பத்துப் பேர், குளிர், சொறி சிரங்கு, கீறல், ஒருவர் மேல் ஒருவர் உரசிக்கொண்டு வாழ்க்கை. (நம்ம ஹவுசிங் போர்டு பழைய பிளாக்குகளைப் பார்த்தவர்களுக்கு, குளிரைத் தவிர மீதி புரியும்.) இந்த வைரஸ் காய்ந்த இடத்திலும் ஏழு நாளாவது உயிரோடு இருக்கும். பெரியவனுக்கு வந்தால் நூற்றில் ஐந்து பேருக்குக் குறைவாகத்தான் உடம்பிலேயே தங்கும், மற்றவர்கள் தாங்களே துரத்திவிடுவார்கள். பிறக்கும்போது அம்மாவிடமிருந்து வந்தால் நூற்றில் தொண்ணூறு பேருக்குத் தங்கிவிடும். தங்கினால் பின்னாளில் ஈரல் சுருக்கம், ஈரல் புற்றுநோய். அலாஸ்காவில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கே ஈரல் புற்றுநோய் வந்தது.

1981-ல் அங்கே 15 கிராமங்களில் 1,578 பேருக்கு மூன்று ஊசி போட்டார்கள். ஆறு மாதக் குழந்தையிலிருந்து பெரியவர்கள் வரை. போட்டுவிட்டுப் போய்விடவில்லை. பிரையன் மக்மஹோன் என்ற ஈரல் மருத்துவரும் அவருடன் இருந்தவர்களும் அதே ஆட்களிடம் வருடக் கணக்கில் திரும்பத் திரும்பப் போய் ரத்தம் எடுத்தார்கள். அந்த மக்களும் சலிக்காமல் கையை நீட்டினார்கள். அதைத்தான் நான் பெரிதாகச் சொல்வேன். நம்மிடம் ஒரு மாதம் கழித்து ரிப்பீட் சாம்பிள் கொடுக்க வா என்றால் பாதிப் பேர் வரமாட்டார்கள்.

முப்பது வருடம் கழித்த கணக்கு 2016-ல் வெளிவந்தது. நடுவில் ஒரு பூஸ்டர்கூடப் போடாத 243 பேரைப் பார்த்தார்கள். 125 பேருக்கு டைட்டர் இன்னும் 10-க்கு மேல். மீதிப் பாதிக்கு உன் கதைதான், 4, 2, சுழி. அந்தப் பாதியில் 85 பேருக்கு ஒரே ஒரு ஊசி போட்டு முப்பது நாள் கழித்துப் பார்த்தால், 75 பேருக்குப் பத்தைத் தாண்டி ஏறிவிட்டது. மொத்தமாகச் சேர்த்துப் பார்த்தால் நூற்றில் தொண்ணூறு பேருக்கு மேல் பாதுகாப்பு அப்படியே இருக்கிறது. 35 வருடக் கணக்கும் வந்துவிட்டது. அதிலும் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்குப் பூஸ்டர் இல்லாமலே 10-க்கு மேல்.

டைட்டர் என்பது இன்றைக்கு ரத்தத்தில் எத்தனை ஆன்டிபாடி சுற்றுகிறது என்ற எண், அவ்வளவுதான். அதைத் தயாரிக்கக் கற்றுக்கொண்ட செல்கள் எலும்பு மஜ்ஜையிலும் நிணநீர் முடிச்சுகளிலும் இருக்கின்றன, அவற்றை எண்ண எந்த சாதாரண லேபிலும் மெஷின் கிடையாது. மீன்பிடித் தடைக்காலத்தில் கடலில் விசைப்படகு ஒன்றுகூடத் தெரியவில்லை என்பதற்காகக் காசிமேட்டில் மீன் பிடிக்கத் தெரிந்தவன் எவனும் இல்லை என்று எழுதுவாயா? அந்த மாதிரி ரிப்போர்ட்தான் இது. இந்த வைரஸ் வேறு மெதுவாக நகரும் ஆள். உள்ளே வந்து நோயாகத் தெரிவதற்கு ஒன்றரை மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை எடுத்துக்கொள்ளும். பழைய ஊசியை ஞாபகம் வைத்திருக்கும் உடம்புக்குச் சில நாள் போதும். அதனால்தான் சாதாரண மக்களுக்குப் பூஸ்டர் தேவை என்பதற்கு ஆதாரம் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2017-ல் எழுதியது.

அப்படியானால் உன்னிடம் ஏன் கேட்கிறார்கள்? நீ டயாலிசிஸ் மெஷின் பக்கத்தில் நிற்கப் போகிறாய். அங்கே ரத்தம்தான் வேலையே. ஊசி போடாத ஒருவருக்கு, வைரஸ் அதிகமாக உள்ள நோயாளியின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால், நூற்றில் முப்பது பேர் வரை தொற்றலாம். எச்ஐவிக்கு அது ஆயிரத்தில் மூன்றுதான். அதனால் உன் மாதிரி ஆளுக்கு ஒரு தடவை எழுத்தில் நிரூபணம் வேண்டும். கேட்பது நியாயம். ஆறு மாதம் வெளியே உட்கார் என்பதுதான் அதிகப்படி.

ராயபுரம் தம்பிக்கு: உங்களுக்கு வந்தது குழாய்த் தண்ணீர்க் காமாலை, ஹெபடைட்டிஸ் ஏ அல்லது ஈ. பி ஊசி அதைத் தடுக்காது, தடுக்கும் என்று யாராவது மேடையில் சொல்லியிருந்தால் தவறு அவர்களுடையது. ஏயும் ஈயும் பெரும்பாலும் தானே இறங்கிவிடும், நீங்கள் வெறும் மோர் குடித்திருந்தாலும் இறங்கியிருக்கும். கீழாநெல்லியை நான் கிண்டல் செய்யவில்லை. நம்ம சென்னைப் பல்கலைக்கழகத்தில் தியாகராசன் குழு அதைப் பி வைரஸ் உள்ளவர்களுக்குக் கொடுத்துப் பார்த்து, பிளம்பெர்க் பெயரும் சேர்ந்து 1988-ல் லான்செட் இதழில் வந்தது. கீழாநெல்லி சாப்பிட்டவர்களில் 59 சதவீதம் பேருக்கு ஆன்டிஜென் மறைந்தது, மருந்தே இல்லாத போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் 4 சதவீதம். உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு மற்ற ஊர்களில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் திரும்ப வரவில்லை. அதனால் பி பாசிட்டிவ் உள்ளவர் அதை நம்பி மாத்திரையை நிறுத்தக் கூடாது.

கடைசியாக ஒன்று, அம்மா. உன் பதிவில் எல்லோரும் டைட்டரைப் பார்த்தார்கள், நான் மாமாவைப் பார்த்தேன். இளம் வயதில் ஈரல் சுருங்கியது என்றால் சலூன் கத்தி, பச்சை குத்தியது என்று தேட வேண்டாம், பெரும்பாலும் பிறந்தபோதோ குழந்தைப் பருவத்திலோ வந்ததாகத்தான் இருக்கும். அவருடைய அக்காதானே உன் அம்மா? அவருக்கு யாராவது டெஸ்ட் எடுத்தார்களா?


பெரம்பூர் லோகோ:

லேப்காரர் சார், நீங்கள் சொன்ன கணக்கில் சந்தேகம் இல்லை. ஆனால் அலாஸ்காவை அப்படியே தூக்கி இங்கே வைக்க முடியுமா?

1981-ல் அங்கே போட்டது பிளாஸ்மா ஊசி. வைரஸ் உள்ளவர்களின் ரத்தத்திலிருந்து ஆன்டிஜெனைப் பிரித்துச் சுத்தம் செய்து தயாரித்தது. இங்கே நமக்குப் போட்டது ஈஸ்ட்டில் தயாராகும் ரீகாம்பினன்ட். ஹைதராபாத்தில் சாந்தா பயோடெக் 1997-ல் கொண்டு வந்த பிறகுதான் விலை இறங்கி, ராயபுரம் அண்ணன் சொன்ன மண்டபக் கேம்ப்பெல்லாம் சாத்தியமானது. இரண்டாவது, அங்கே அந்த 1,578 பேரில் பச்சைக் குழந்தைகள் இல்லை. இப்போது நம் பிள்ளைகளுக்குப் பிறந்த 24 மணி நேரத்தில் ஒன்று, அப்புறம் 6, 10, 14 வாரங்களில் பென்டாவேலன்ட் என்ற ஐந்து நோய்த் தடுப்பூசியோடு சேர்த்துப் போடுகிறார்கள். மூன்றாவது, அந்தக் கிராமங்களில் வைரஸ் நிறைய இருந்ததால், ஊசி போட்டவர்களை அவ்வப்போது வைரஸே தொட்டுத் தொட்டு ஞாபகத்தைப் புதுப்பித்திருக்கலாம். அப்படியானால் அதை ஊசியின் ஆயுள் என்று எப்படிச் சொல்வது?

நம் பக்கத்து உதாரணம் வேண்டுமென்றால் நிக்கோபாரைப் பாருங்கள். நம்ம துறைமுகத்திலிருந்து அந்தமானுக்குக் கப்பல் போகிறதே, அந்தப் பக்கம். போர்ட் பிளேரில் உள்ள ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) மையத்துக்காரர்கள் அங்கே ஆராய்ந்தபோது, நிக்கோபாரி மக்களில் ஐந்தில் ஒருவருக்கும் மேல் எச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவ் என்று கண்டார்கள். பிறகு கார் நிக்கோபாரில் ஊசி போட்டு, போட்டவர்களைத் தொடர்ந்து பார்த்தார்கள். நம் நாட்டுப் பழங்குடி, நம் நாட்டு ஊசி. அலாஸ்காவரை ஏன் போக வேண்டும்?


மின்ட் லேப்காரர்:

நல்ல கேள்வி. இப்படிக் கேட்டால்தான் எழுதவே பிடிக்கிறது.

அலாஸ்காவுக்குப் போனது காலத்துக்காக. முப்பது வருடம் கழித்து என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள, முப்பது வருடத்துக்கு முன்பே தொடங்கியவரிடம்தானே போக வேண்டும்? நிக்கோபாரில் தொடங்கியது அதற்கு வெகு பின்னால். அதோடு 2004 சுனாமியில் கார் நிக்கோபார் என்ன பாடுபட்டது என்று நினைத்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் அங்கே போய் ஆட்களைத் தேடிப் பிடித்து ரத்தம் எடுத்திருக்கிறார்கள் என்றால் அந்தக் குழுவுக்கு ஒரு கும்பிடு.

பிளாஸ்மா, ஈஸ்ட் விஷயத்தில் உங்கள் பக்கம் நியாயம் உண்டு. பச்சைக் குழந்தைகள் விஷயத்தில் இன்னும் அதிகமாக உண்டு. பிறந்த உடனே ரீகாம்பினன்ட் போட்ட அலாஸ்காப் பிள்ளைகளையும் அதே ஆட்கள் பார்த்தார்கள். பத்துப் பதினைந்து வயதுக்குள் டைட்டர் மளமளவென்று விழுந்துவிடுகிறது, பெரியவர்களைவிட வேகமாக. ஆனால் ஒரு ஊசி போட்டால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஏறுகிறது. ஏறாத சில பேர் இருக்கிறார்கள். அவர்களை மறைத்துப் பேச நான் மருந்துக் கம்பெனி ரெப் இல்லை. அதனால்தான் இந்தப் பெண்ணிடம் "நீ பாதுகாப்பாகத்தான் இருக்கிறாய், போய் வேலையைப் பார்" என்று சொல்லாமல், ஒன்று போட்டுப் பார் என்றேன். அவள் போட்டது யூ.கே.ஜி. வயதில், தொட்டிலில் இல்லை. அது அவளுக்குச் சாதகம்.

வைரஸே தொட்டுத் தொட்டுப் புதுப்பித்தது என்கிறீர்கள். தொடக்க வருடங்களில் இருந்திருக்கலாம். ஊசி போட்டும் கோர் ஆன்டிபாடி வந்தவர்கள், அதாவது வைரஸ் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனவர்கள், அந்தக் கூட்டத்தில் சிலர் இருந்தார்கள், நோய் இல்லாமல். ஆனால் 1981-க்குப் பின்னாலேயே மாநிலம் முழுக்கப் பழங்குடி மக்கள் எல்லோருக்கும் ஊசி போட்டு, பிறக்கும் குழந்தைகளுக்கும் போடத் தொடங்கிவிட்டார்கள். ஊரில் வைரஸ் ஓட்டமே அடங்கிவிட்டது. தொட வைரஸ் இல்லாத ஊரில் இத்தனை வருடம் ஞாபகம் எப்படி நின்றது? அதோடு, டைட்டர் இருக்கட்டும், நோய் என்ன ஆனது என்று பாருங்கள். பிள்ளைகளுக்கு ஈரல் புற்றுநோய் வந்துகொண்டிருந்த மக்களிடம் அது இல்லாமல் போய்விட்டது. எனக்கு இந்த ஒரு வரி போதும், எண்ணெல்லாம் அப்புறம்.

எனக்கு இருக்கும் எரிச்சல் வேறு. ஹெல்த் செக்கப் பேக்கேஜில் இந்த டைட்டரைச் சேர்த்து, ஐடி கம்பெனியில் உட்கார்ந்து வேலை பார்க்கும் பையனுக்கு "6, பாதுகாப்பு இல்லை" என்று சிவப்பில் அச்சடித்துக் கொடுக்கிறார்கள். ஊசி விலையைவிட டெஸ்ட் விலை பல மடங்கு. அவனுக்கு அது தேவையே இல்லை. டைட்டர் பார்க்க வேண்டியவர்கள் மருத்துவப் பணியாளர்கள், டயாலிசிஸ் நோயாளிகள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள், பாசிட்டிவ் அம்மாவுக்குப் பிறந்த குழந்தைகள், வீட்டில் துணைவருக்குப் பாசிட்டிவ் என்று தெரிந்தவர்கள். இதில் டயாலிசிஸ் நோயாளி மட்டும் தனிக் கணக்கு. அவருக்கு டோஸே இரட்டிப்பு, வருடா வருடம் டைட்டர் பார்த்து, பத்துக்குக் கீழே போனால் பூஸ்டர் போட்டே ஆக வேண்டும். நான் மேலே சொன்ன "ஆயுளுக்கும் போதும்" அவருக்குச் செல்லாது. நீ வேலைக்குச் சேர்ந்த பிறகு யாராவது குழப்பினால் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளம்மா.


காசிமேடு வீட்டுக்காரி:

குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். வீட்டுக்காரர் கடல் தொழில். போன மாதம் ரத்த தானம் கொடுக்கப் போய், ஹெபடைட்டிஸ் பி பாசிட்டிவ் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஆள் நன்றாகத்தான் இருக்கிறார். எனக்கு இது ஆறாம் மாதம். மூத்த பிள்ளைக்கு நாலு வயது. மாமியார் தட்டு, டம்ளர் எல்லாம் தனியாக வைத்துவிட்டார், பிள்ளையை அப்பா மடியில் உட்காரவும் விடுவதில்லை. வயிற்றில் இருப்பதற்கு என்ன ஆகும்?


ரிட்டயர்டு ஸ்டாஃப் நர்ஸ்:

கண்ணு, பயப்படாதே. நான் பிரசவ வார்டில் வேலை பார்த்தவள், இதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கர்ப்பச் செக்கப்பில் உனக்கு எச்பிஎஸ்ஏஜி பார்த்திருப்பார்கள், அட்டையில் தேடு. நெகட்டிவ் என்றாலும், வீட்டுக்காரருக்குப் பாசிட்டிவ் என்பதை டாக்டரிடம் சொல்லி, இப்போது இன்னொரு தடவை எடு. உனக்கு நெகட்டிவ் என்றால் கர்ப்பத்திலேயே ஊசி போட்டுக்கொள்ளலாம், தடை இல்லை. குழந்தைக்குப் பிறந்ததும் வழக்கமான ஊசி போதும். உனக்கே பாசிட்டிவ் வந்தால்கூட வழி இருக்கிறது: குழந்தை பிறந்த 12 மணி நேரத்துக்குள் ஒரு தொடையில் ஊசியும் மறு தொடையில் இம்யூனோகுளோபுலினும் (தயாராக உள்ள ஆன்டிபாடி மருந்து) போடுவார்கள், வைரஸ் அளவு அதிகமாக இருந்தால் கடைசி மாதங்களில் உனக்கு மாத்திரையும் கொடுப்பார்கள். தாய்ப்பாலும் கொடுக்கலாம். பிரசவம் நடக்கிற இடத்தில் இம்யூனோகுளோபுலின் இருக்கிறதா என்று முன்னாலேயே கேட்டு வை. இதில் மணிக்கணக்குதான் முக்கியம், ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வலி எடுத்தால் ஓட முடியாது.

மூத்த பிள்ளைக்கு அட்டையைப் பார். நாலு ஊசியும் முடிந்திருந்தால் நல்லது, ஆனாலும் ஒரு எச்பிஎஸ்ஏஜி எடுத்துவிடு.

தட்டு, டம்ளர், மடி, முத்தம் இதில் எதிலும் வராது. உன் மாமியாரிடம் நான் சொன்னேன் என்று சொல். ஷேவிங் பிளேடு, பல் தேய்க்கும் பிரஷ், நகம் வெட்டி இவை மட்டும் தனி. வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர், கையில் முள்ளும் கயிறும் கிழித்துக்கொண்டே இருக்கும், காயத்தைக் கட்டி வைக்கச் சொல். அவரை அரசு மருத்துவமனை ஈரல் பிரிவுக்கு அழைத்துப் போ. தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் என்று 2018-லிருந்து இருக்கிறது, தேவைப்பட்டால் மாத்திரை இலவசம். எல்லோருக்கும் உடனே மாத்திரை தேவைப்படாது, ஆனால் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சாராயம் அறவே கூடாது, அதை மட்டும் கண்டிப்பாகச் சொல்.


கொருக்குப்பேட்டைப் பொண்ணு:

எல்லோருக்கும் நன்றி. ஒன்றரை மாதம் கழித்து எழுதுகிறேன்.

லேப்காரர் ஐயா சொன்னபடி ஒரு ஊசி போட்டேன். அட்டையையும் எடுத்துக்கொண்டு போய் மருத்துவமனையில் தொற்றுத் தடுப்பு நர்ஸிடமே நேரில் பேசினேன். ஆபீசில் உட்கார்ந்திருந்தவரைவிட அவருக்கு விஷயம் தெரிந்திருந்தது. டைட்டர் வரும்வரை ஸ்டோரிலும் தண்ணீர் சுத்திகரிப்புப் பிரிவிலும் வேலை பார் என்று சேர்த்துக்கொண்டார்கள். நேற்று ரிப்போர்ட் வந்தது. 640.

அம்மாவுக்கும் பார்த்தோம். கூடவே பெரியம்மாவுக்கும். பெரியம்மாவுக்கு எல்லாமே நெகட்டிவ், அவருக்கு முதல் ஊசி போட்டாயிற்று. அம்மாவுக்கு எச்பிஎஸ்ஏஜி நெகட்டிவ், ஆனால் கோர் ஆன்டிபாடி பாசிட்டிவ், ஆன்டி எச்பிஎஸ் 10-க்கு மேல். அம்மா ஊசியே போட்டதில்லை. இதற்கு என்ன அர்த்தம்? லேபில் கேட்டால் டாக்டரைக் கேளுங்கள் என்கிறார்கள்.


மின்ட் லேப்காரர்:

640-க்கு வாழ்த்துகள். அந்த ரிப்போர்ட்டைப் பத்திரமாக வை. வேறு மருத்துவமனைக்கு மாறினாலும் அதைத்தான் கேட்பார்கள், டைட்டருக்கு மறுபடி ரத்தம் கொடுக்காதே.

அம்மாவுக்கு எப்போதோ வைரஸ் வந்து, உடம்பே அதைத் துரத்திவிட்டது. தம்பிக்குத் தங்கியது, அக்காவுக்குத் தங்கவில்லை. அவரிடமிருந்து யாருக்கும் பரவாது, ஊசியும் தேவையில்லை. தூங்கச் சொல்.

ஒன்றை மட்டும் அவருடைய மருத்துவ ஃபைலின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி வை: "கோர் ஆன்டிபாடி பாசிட்டிவ்". வைரஸின் மிச்சம் ஈரல் செல்லுக்குள் ஒரு மூலையில் கிடக்கும், எதிர்ப்புச் சக்தி நன்றாக இருக்கும்வரை அது எழுந்திருக்காது. பின்னாளில் ஏதாவது காரணத்துக்குக் கீமோ கொடுத்தாலோ, அதிக டோஸ் ஸ்டீராய்டு நாள்கணக்கில் கொடுத்தாலோ, மூட்டுவாதத்துக்குப் புதிய வகை ஊசிகள் போட்டாலோ அது கிளம்பலாம். தொடங்கும் முன் அந்த டாக்டரிடம் இதைக் காட்ட வேண்டும். தேவை என்றால் அவர் முன்கூட்டியே வைரஸ் மாத்திரை சேர்த்துக் கொடுப்பார்.

பெரியம்மாவின் இரண்டாவது ஊசி ஒரு மாதத்தில், மூன்றாவது ஆறாவது மாதம். மாமாவுக்குப் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் எச்பிஎஸ்ஏஜி எடுத்துவிடுங்கள்.